எண்பத்தெட்டு நாள் ஊறிய பாம்பு

1994 மே மாதம் இருபத்தோராம் திகதி, சனிக்கிழமை காலை, ஹில்ஸ்பரோவில் அன்றூவின் வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறங்கிய பாம்பு எண்பத்தெட்டு நாட்கள் வெளியே வரவில்லை. அத்தனை நாளும் தொட்டித் தண்ணீர் நாளுக்கு இரண்டு தரம் நான்கு அங்குலம் ஏறியது, இரண்டு தரம் நான்கு அங்குலம் இறங்கியது. அந்த வருடம் ஒக்லாந்தில் மழை தவறிவிட்டது. நகரத்து நீர்த்தேக்கங்கள் பாதிக்கும் கீழே போயிருந்தன. புல்தரைகள் பாண் தோலின் நிறத்துக்கு வந்திருந்தன. ஆகவே ஒரு வீட்டில் தண்ணீர் ஏறி இறங்கியது என்பது கவனிக்கத்தக்க செய்தி.

நியூசிலாந்தில் பாம்பு கிடையாது. காட்டில் இல்லை, மிருகக்காட்சிச்சாலையில் இல்லை, ஒன்றை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அன்றூ மன்னார்ப் பட்டினத்துக்காரன், சட்டத்துக்குப் பயந்தவன், மனுரேவாவில் பழமும் காய்கறியும் வைக்கும் பண்டகசாலையில் குளிரறைகளின் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவன் தொழில். 1993 பெப்ரவரியில், பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்த தேங்காய்ப் பெட்டிக்குள், ஒரு முழ நீளத்தில், குளிரில் விறைத்துச் சுருண்டு கிடந்த அதைக் கண்டவுடன் மூடியைப் போட்டுவிட்டு மேற்பார்வையாளரிடம் போய் முறைப்படி அறிவித்தான். மேற்பார்வையாளர் ட்ரெவர் மனுரேவாவிலேயே பிறந்து வளர்ந்தவர். முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார். இந்த நாட்டில் பாம்பு இல்லை, ஆகவே இது விலாங்குமீன், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புகைபோட்டுச் சாப்பிடு என்றார். அன்றூவின் தகப்பன் விலாங்கு பிடித்தவர். விலாங்கின் முகம் எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் மேலதிகாரி பார்த்துச் சொன்ன பிறகு அதற்கு மேல் கதைப்பது மரியாதையில்லை. சாப்பாட்டுப் பெட்டியில் மிச்சமிருந்த சோற்றைத் தின்று முடித்துவிட்டு, அந்தப் பெட்டியிலேயே அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அவன் மனைவி டோறின் மன்னார்த் தீவில் பேசாலையைச் சேர்ந்தவள். எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தட்டச்சு வேலை செய்தாள். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவத் திறந்தவள் பின்னோக்கி நடந்து கூடத்துக்குப் போய், காலால் பாம்பை மிதித்து நிற்கும் மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்றாள்.

"மாதா இருக்கிற வீட்டில பாம்போ? உங்களுக்கு விசரே பிடிச்சிட்டுது?"

"மாதாவின்ர காலுக்குக் கீழ ஒண்டு ரெண்டு வருஷமாக் கிடக்குது. அதுக்கு நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"அது மிதிபட்டுக் கிடக்குது!"

"அப்ப இதையும் மிதி, பாப்பம்."

டோறின் திரும்பிப் போய்ப் பெட்டிக்குள் பார்த்தாள். பாம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. விறைப்பு விடட்டும், பிறகு மிதிக்கிறன் என்றாள். விறைப்பு விடுவதற்காக அது சுடுநீர்த் தாங்கி நிற்கும் சுவரலுமாரியில், துவாய்களுக்கு நடுவில் வைக்கப்பட்டது. பதினைந்து மாதங்கள் அங்கேயே இருந்து, அன்றூ மனுரேவாப் பண்டகசாலையிலிருந்து கொண்டுவந்த எலிகளைத் தின்று, ஐந்தடிக்கு வளர்ந்தது. எட்டு வயது மகள் அஞ்சலினா அதற்கு ட்ரெவர் என்று பெயர் வைத்தாள். டோறின் அதை ஒரு நாளும் மிதிக்கவில்லை. அதன் மேல் கிடந்து சூடேறிய துவாய்கள் மட்டும் தனக்கு வேண்டும் என்றாள்.

டோறினுக்கு ஒரு தம்பி இருந்தான். இருந்தான் என்று எழுதுவது இந்தக் கதையின் வசதிக்காகத்தான். அந்த வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. பெயர் தோமஸ். 1990 ஆகஸ்டில், சண்டை மறுபடி தொடங்கியிருந்தபோது, பேசாலைக் கரையிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட ஒரு படகில் ஏறினான். அந்தப் படகு அக்கரைக்குப் போய்ச் சேரவில்லை, இக்கரைக்குத் திரும்பி வரவுமில்லை. மண்டபம் முகாமிலும், மடுவிலும், கொழும்பில் ஒவ்வொரு அலுவலகத்திலும் விசாரித்தாயிற்று. மற்றவர்கள் இரண்டாம் வருடமே முடிவுக்கு வந்துவிட்டார்கள். டோறின் வரவில்லை. தோமஸுக்கு மீன் தலை பிடிக்கும் என்று அவளுக்கு முன்னால் சொல்லலாம். வெலிங்டனில் இருந்த மச்சாள் அனோஜா ஒருமுறை தொலைபேசியில், அவனுக்கு மீன் தலை எவ்வளவு விருப்பமாக இருந்தது என்று சொல்லிவிட்டாள், அதற்காகப் பதினொரு மாதங்கள் டோறின் அவளுடன் கதைக்கவில்லை.

நான்கு வருடம் ஒருத்தி இப்படி இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று அன்றூ யோசித்தான். அழுவதற்கு ஒரு நாளாவது வேண்டும் என்பது அவன் எண்ணம். டோறினிடம் கேட்காமல் பங்குத் தந்தையிடம் போய், ஆகஸ்ட் இருபதாம் திகதி சனிக்கிழமைக்கு ஒரு ஆத்தும இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுத்தான். வெலிங்டன் உறவினர் ஒன்பது பேருக்கும் சொல்லிவிட்டான். மே இருபதாம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் இதை அவளிடம் சொன்னான். அவள் சத்தம் போடவில்லை. செத்தவைக்குத்தான் அந்தப் பூசை, வேற ஆருக்கும் வைச்சா அது சாபம் என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் காலை பாம்பு சுவரலுமாரியின் கதவிடுக்கால் நெளிந்து, நடைவழியைக் கடந்து, குளியல் தொட்டிக்குள் இறங்கியது.

தொட்டியில் தண்ணீர் இருந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். பஞ்சம் வருகிறது, தண்ணீரைக் குறைத்துப் பாவியுங்கள் என்று வானொலியில் அறிவித்த அன்று ஒக்லாந்தின் மற்ற வீடுகளில் குழாய்களைப் பூட்டினார்கள். தண்ணீர் வராது என்ற செய்தி கேட்டால் முதலில் என்ன செய்வது என்பது மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஒரு மணி நேரத்துக்குள் ஹில்ஸ்பரோவிலும் மவுண்ட் ரொஸ்கிலிலும் உள்ள அத்தனை இலங்கை வீடுகளிலும் வாளி, அண்டா, சோற்றுப் பானை, பூச்சாடி, கேத்தில் எல்லாம் நிரம்பிவிட்டன. அன்றைக்கு நகரத்து நீர்மட்டம் சற்றுக் கூடுதலாக இறங்கியதற்கு வெயில்தான் காரணம் என்று எழுதிவைத்தார்கள். அன்றூ வீட்டில் தொட்டிக்குள் படுத்துக் குளிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஒரு வாளியை வைத்துக்கொண்டு நின்று கோப்பையால் ஊற்றிக்கொள்வார்கள். அதனால் தொட்டி விளிம்புவரை நிரப்பப்பட்டு, குளிப்பு, உடுப்புத் தோய்க்கும் அறைக்கு மாறியிருந்தது.

முதல் வாரம் யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் வாரம் அஞ்சலினா அழுதாள். பாம்பு தின்னவில்லை, அசையவில்லை, சவர்க்காரத் தட்டில் தலையை வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி கிடந்தது. மிருக வைத்தியரைக் கூப்பிட முடியாது. டோறின் தன் அலுவலகத்துத் தனபாலனிடம் சொன்னாள். தனபாலன் மலேசியாவில் தைப்பிங்கைச் சேர்ந்தவர், ஐம்பது வயது, இழப்பு மதிப்பீட்டாளர். தீப்பிடித்த வீட்டுக்கும் மூழ்கிய கடைக்கும் போய், நடந்தது என்ன என்று கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். இளவயதில் தகப்பனாரின் அரிசிக் கிடங்கில் எலிக்காக மலைப்பாம்பு வளர்த்தவர். சனிக்கிழமை கையில் ஒரு கோப்புடன் வந்தார்.

"பாம்பு தண்ணியில ஊறுதுன்னா சும்மா ஊறாது லா, அன்றூ. உண்ணி இருக்கும், இல்லன்னா சூடு தாங்கல, இல்லன்னா காத்து காஞ்சு போச்சு. தோல் உரிக்கப் போறதுன்னாலும் ஊறும். பொம்பளையா இருந்து வயித்துல முட்டை இருந்தாலும் ஊறும். ஒன்னு ஒன்னா அடிச்சிக்கிட்டே வருவோம், மிச்சம் என்னா இருக்கோ அதான் காரணம்."

"உங்கட கம்பனியில இப்பிடித்தான் காசு குடுக்காமத் தப்புறவையோ, அண்ணை?" என்றான் அன்றூ.

"ஆமா. இதே முறைதான்."

வெள்ளைக் கடதாசித் துவாயால் பாம்பின் உடலைத் தலையிலிருந்து கைக்கு எட்டியவரை துடைத்துப் பார்த்தார், உண்ணி இருந்தால் கறுப்புப் புள்ளிகள் ஒட்டும், ஒன்றும் ஒட்டவில்லை. சுவரலுமாரிக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டு ஒரு வாரம் குறித்தார், சூடு சரி. கூடவே ஈரத் துணி கட்டிக் காற்றை ஈரமாக்கிப் பார்த்தார். பாம்பு திரும்பியும் பார்க்கவில்லை. தோல் உரிப்பதானால் கண்ணில் பால் படர வேண்டும். கண் கண்ணாடி மாதிரி இருந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்து முட்டை இல்லை, ஆனால் பெண் என்று அறிவித்தார். பெயரை மாற்றலாமா என்று தகப்பன் கேட்டதற்கு அஞ்சலினா, "ஸோ வட்? ட்ரெவர் கேன் பி எ கேர்ள்" என்று சொல்லிவிட்டாள். ஜூன் கடைசியில் தனபாலனின் பட்டியலில் எல்லாம் அடிபட்டுப் போய், பாம்பும் தண்ணீரும் மட்டும் மிஞ்சின. பாம்பில் பிழை இல்லை என்றால் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று அவர் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினார்.

தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டார்கள். அஞ்சலினாவின் நிறக்கட்டிகளை வாங்கி, ஏறிய இடத்தில் நீலக்கோடும் இறங்கிய இடத்தில் சிவப்புக்கோடும் போட்டு, பக்கத்தில் மணியை எழுதினார் தனபாலன். வீட்டில் யார் குளியலறைப் பக்கம் போனாலும் ஒரு கோடு போட வேண்டும் என்று சட்டம் வந்தது. இரண்டு வாரக் கோடுகளை வைத்துப் பார்த்தபோது ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தியது. வற்றுப்பெருக்கு என்றான் அன்றூ. ஹில்ஸ்பரோவின் சரிவிலிருந்து பார்த்தால் மனுக்காவு துறைமுகம் தெரியும். கடல் நிலத்துக்கடியால் வந்திருக்கலாம். பத்திரிகையில் ஒனஹங்காத் துறையின் வற்றுப்பெருக்கு நேரம் தினமும் வரும். ஒத்துப் பார்த்தார்கள். ஒரு நாளும் ஒத்துவரவில்லை.

அந்த வாரம்தான் டோறின், தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காக, தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு அன்றூவின் மேலங்கியைத் தோய்க்கப் போனாள். சவர்க்காரம் நுரைக்கவில்லை; தயிர் மாதிரித் திரண்டு மிதந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பிறகு வாளிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிலத்தில் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இது எங்கட கடல்."

"கடல் எண்டா எல்லாம் ஒரு உப்புத்தானே டோறின்."

"பட்டினத்தாருக்கு அப்பிடித்தான். குழாய்த் தண்ணியில வளந்த நாக்கு."

தனபாலனின் கம்பனி கப்பல்களையும் காப்புறுதி செய்வதால் உலகத்துத் துறைகளின் வற்றுப்பெருக்கு அட்டவணைகள் அங்கே ஓர் அலுமாரி நிறைய இருந்தன. மதிய உணவு நேரங்களில் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கோடுகளுடன் ஒப்பிட்டார். ஒன்பதாவது நாள் ஒரு பக்கத்தைப் பிரதியெடுத்துக்கொண்டு வந்து டோறினின் மேசையில் வைத்தார். பாக்கு நீரிணை. நிமிடம் பிசகவில்லை. அடுத்த நாள் காலை தொட்டியில் பதினேழு காரல் மீன்கள் நின்றன. ஒக்லாந்துச் சந்தையில் கிடைக்காத மீன். டோறின் சொதி வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பாம்புக்கும் ஒன்று வைத்தார்கள், அது தொடவில்லை. தண்ணீர் மீற்றர் நாளுக்கு இரண்டு முறை பின்னோக்கி ஓடுகிறது என்று பார்க்க வந்தவர் குளியலறை வரை வந்து, அருமையான விலாங்கு என்று சொல்லி, மீற்றரில் தூசி போயிருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார்.

இவ்வளவுக்குப் பிறகும் அன்றூ பூசையை நிறுத்தவில்லை. கடல் வீட்டுக்குள் வந்தது வேறு, மைத்துனன் வருவது வேறு என்றான். உண்மையில் அவனுக்குப் பயம் பிடித்திருந்தது. அவள் இப்போது சமையலை விட்டுவிட்டு, தொட்டி விளிம்பில் கையில் செபமாலையுடன் இருந்தாள். வேலைக்கு இரண்டு நாள் போகவில்லை. இந்தத் தண்ணீரும் சும்மா தண்ணீராகப் போனால் அவளை அதற்குப் பிறகு எழுப்ப முடியாது என்பது அவனுக்குத் தெரிந்தது. ஆகஸ்ட் பதினாறாம் திகதி செவ்வாய்க்கிழமை, அந்த வெள்ளிக்கிழமை வரப்போகும் ஒன்பது விருந்தாளிகளுக்கும் தொட்டி வேண்டும் என்று காரணம் சொல்லி, அவளை எழுப்பி அப்பால் நிறுத்திவிட்டு, வாளியால் அள்ளிக் கொல்லையில் ஊற்றத் தொடங்கினான். நூற்று நாற்பது வாளி ஊற்றினான். கொல்லையில் இருந்த எலுமிச்சை உப்புத் தாங்காமல் இலையைக் கொட்டியது. தொட்டியில் ஓர் அங்குலமும் குறையவில்லை.

நூற்று நாற்பத்தோராவது வாளியை அள்ளும்போது கை பாம்பில் பட்டது, அப்போதுதான் அதன் வால் எங்கே என்று பார்த்தான். வால் தொட்டியில் இல்லை. அடைப்பானை ஒதுக்கித் தள்ளிவிட்டு, வடிகாற் துளைக்குள் போயிருந்தது. அதற்கு மேலே உடல் வளைவே இல்லாமல், இழுத்துக் கட்டியதுபோல் நேராக நின்று, மெல்ல அதிர்ந்தது. அவன் டோறினைக் கூப்பிட்டான். அவள் பேசாலையில் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவள். மற்றக் குழந்தைகள் பொம்மை பிடித்த வயதில் படகுக் கயிறு பிடித்தவள். உள்ளங்கையைப் பாம்பின் முதுகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது ஊறேல்லை," என்றாள். "பிடிச்சுக்கொண்டு நிக்குது. அந்தப் பக்கத்தில ஆரோ கனக்கினம்."

அன்றூ வாளியைக் கீழே வைத்தான். அவன் பழுதுபார்ப்பவன், ஒரு இயந்திரம் எதற்காக இரைகிறது என்று தெரிந்துவிட்டால் பிறகு தர்க்கம் பண்ணும் பழக்கம் அவனுக்கு இல்லை. இழுப்பம் என்றான்.

தனபாலனைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் தொலைபேசியிலேயே சத்தம் போட்டார். "இழுக்காதீங்க! பாம்பைத் தலைப் பக்கம் புடிச்சி இழுத்தா முதுகெலும்பு கழண்டுடும். கயிறு அறுந்தா அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு என்னா ஆகும்னு யோசிச்சீங்களா? அதுவா வரணும் லா. பாம்பு எதுக்கு வரும்? சூட்டுக்கு வரும்."

சூடும் குளிரும் அன்றூவின் தொழில். குளிரறைக் கதவுகள் உறைந்து ஒட்டிக்கொள்ளாமலிருக்க அவற்றின் சட்டத்தைச் சுற்றி மின்சாரச் சூட்டு நாடா ஓடும். அடுத்த நாள், புதன்கிழமை, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு இருபது மீற்றர் நாடாவைப் பண்டகசாலையிலிருந்து கொண்டுவந்து, சவர்க்காரத் தட்டிலிருந்து தொட்டி விளிம்பைத் தாண்டி நடைவழியில் விரித்தான். காலை பத்து மணிக்கு மின்சாரம் கொடுத்தான். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாம்பு நாக்கை நீட்டியது, தலையைத் தூக்கியது, எண்பத்தெட்டு நாட்களில் முதல் தடவையாக முன்னோக்கி ஓர் அங்குலம் நகர்ந்தது.

ஐந்தடி வந்த பிறகும் வால் வரவில்லை. பத்தடி வந்தது. இருபதடி வந்தது. ஈரமாக, பாசி ஒட்டியபடி, பாம்பு வடிகாற் துளையிலிருந்து வந்துகொண்டேயிருந்தது. நாடா முடிந்த இடத்தில், லீவு போட்டுவிட்டு வந்திருந்த தனபாலன் சுடுநீர்ப் பைகளை வைத்தார். பைகள் ஆறியபோது டோறின் உடுப்பு மினுக்கும் பெட்டியையும் சோறு சமைக்கும் பாத்திரத்தையும் கொண்டுவந்தாள். பாம்பு நடைவழியைக் கடந்து, கூடத்துச் சோபாவை இரண்டு சுற்றுச் சுற்றி, மாதா சுரூபம் நின்ற மேசையின் கீழாகப் புகுந்து குசினிக்குப் போயிற்று. சில நேரம் உடல் திடீரென்று இறுகி ஒரு முழம் பின்னால் போகும். அப்போது டோறின், "பொறு பொறு, அங்கால அலை" என்பாள், அன்றூ சூட்டைக் குறைப்பான், அலை போன பிறகு கூட்டுவான். பள்ளிக்கூடத்தால் வந்த அஞ்சலினா பாம்பைத் தாண்டித் தாண்டிக் குசினிக்குப் போய் பிஸ்கட் எடுத்துக்கொண்டு வந்தாள். தனபாலன் அளவு நாடாவால் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாவது அடியில் வால் நுனி வந்தது. வால் நுனியை ஒரு கை பிடித்திருந்தது.

மாலை நாலே முக்காலுக்குத் தோமஸ் குளியல் தொட்டிக்குள் எழுந்து நின்றான். வடிகாற் துளை ஒன்றரை அங்குலம். தோமஸ் ஐந்தடி எட்டங்குலம். கட்டம் போட்ட சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கழுத்தில் கட்டியிருந்த பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டையும் அரை றாத்தல் பாணும் இருந்தன. பாண் இன்னும் மென்மையாக இருந்தது. கைக்கடிகாரம் பத்தேகாலைக் காட்டியது. இலங்கை நேரத்துக்கு அது சரி. நான்கு வருடத்தில் அவனுக்கு ஒரு நாள் வயதும் கூடவில்லை, தாடி மட்டும் ஒரு நாள் வளர்ந்திருந்தது. பல் கிட்டியதில் சொல் வரவில்லை. டோறின் துவாயை அவன் தோளில் போட்டாள்.

"அக்கா," என்றான் கடைசியில். "கயித்தை விடாத எண்டு சம்மாட்டி சொன்னவர்."

"இனி விடலாமடா."

அவன் விட முயன்றான், விரல்கள் திறக்கவில்லை. டோறின் தொட்டிக்குள்ளேயே இறங்கி நின்று, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஐந்து விரலும் பிரிந்த பிறகு, நான்கு வருடம் அழாதவள் அழுதாள். அன்றூ போய்ச் சூட்டு நாடாவின் மின்சாரத்தை நிறுத்தினான்.

"அத்தான், இது தங்கச்சிமடமோ?" என்று தோமஸ் கேட்டான்.

"ஹில்ஸ்பரோ."

"அது இராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ?"

அன்றூ யோசித்துப் பார்த்தான். "அந்தப் பக்கம்."

"மம், ஹீஸ் ட்ரிப்பிங் ஓல் ஓவர் த மேற்" என்றாள் அஞ்சலினா, கால்மிதியில் சொட்டிய தண்ணீரைக் காட்டி. பாம்பு அன்று மாலைக்குள் ஐந்தடிக்குச் சுருங்கிவிட்டது. குளிரில் இரும்பும் சுருங்கும் என்று அன்றூ விளக்கம் சொன்னான்.

பூசையை நிறுத்த நேரம் போதவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பது விருந்தாளிகளும் கறுப்பு உடுப்புகளுடனும் மூன்று கேக்குகளுடனும் வந்து சேர்ந்தார்கள். கதவைத் திறந்தது தோமஸ். அனோஜா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு மீன் தலை பிடிக்கும்தானே?" என்று கேட்டாள், டோறின் குசினியிலிருந்து, "பிடிக்கும், வா" என்றாள், அதோடு அந்த வழக்கு முடிந்தது. சனிக்கிழமை கோயில் வாசலில் பங்குத் தந்தை, செபத்தில் சொல்வதற்காக, இறந்தவருடைய பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். தோமஸ் கையை உயர்த்தி, தான்தான் என்று சொல்லி, தானே உச்சரித்துக் காட்டினான். அயர்லாந்துக்காரரான தந்தை உள்ளே போய், இறந்தவர் பூசைக்குரிய ஊதா உடையைக் கழற்றிவிட்டு வெள்ளை உடை போட்டுக்கொண்டு வந்தார். கேக் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாம்பு மறுபடியும் தொட்டிக்குள் இறங்கி, வாலைத் துளைக்குள் விட்டுக்கொண்டு, சவர்க்காரத் தட்டில் தலையை வைத்தது. அஞ்சலினா பதறிப்போனாள். இந்த முறை தனபாலனைக் கூப்பிடவில்லை. டோறின் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள். கயிற்றில் தனக்குப் பின்னால் பதினொரு பேர் இருக்கிறார்கள் என்றான் அவன்.

1995 மார்ச்சில் ஒரு புருஷனும் மனைவியும் வந்தார்கள். அடுத்த வருடம் ஓர் ஆசிரியை ஓலைக் கூடைக்குள் கோழியுடன் வந்தார். உயிருள்ள பறவையை அறிவிக்காமல் நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம் என்பதால் அன்றூ உரிய இடத்துக்குத் தொலைபேசி எடுத்தான். எந்த விமானத்தில் வந்தது என்று கேட்டார்கள். விமானத்தில் வரவில்லை என்றான். எந்தக் கப்பல் என்றார்கள். கப்பலும் இல்லை என்றான். அப்படியானால் அது உள்ளூர்க் கோழி என்று சொல்லி வைத்துவிட்டார்கள். தோமஸ் விசா விண்ணப்பத்தில், நாட்டுக்குள் வந்த துறை என்ற கேள்விக்கு நேரே ஹில்ஸ்பரோ என்று எழுதினான். அதிகாரி தேசப்படத்தை விரித்து, ஹில்ஸ்பரோ கடற்கரையில்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு முத்திரை குத்தினார். அவன் இப்போது மனுரேவாவில் பாரந்தூக்கி ஓட்டுகிறான்.

1999 டிசம்பர் முடிய, தோமஸுக்குப் பிறகு எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். மூன்று பேர் மிச்சம். சம்மாட்டி கடைசியாகத்தான் வருவார். மற்றவர்களை இறக்காமல் படகை விட்டு இறங்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. குளியலறையில் ஒரு முக்காலியின் மேல் சாரமும் சட்டையும் மூன்று அளவில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. டோறின் அவற்றைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தோய்த்து மாற்றுகிறாள். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள், கைகழுவப் போனாலும், உள்ளே ஆள் இல்லை என்பது தெரிந்திருந்தாலும், கதவைத் தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் திறக்கிறார்கள்.